பாட்டுக்கு முன்னால் வந்த குலவை

"பாட்டுக்கு முன்னால வாற குலவ உங்க அம்மா போட்டதுன்னா, அதுல கத்துத காக்கா நான்தான்னு நாளைக்கு இன்னொருத்தி வருவா," என்றார் வண்ணார்பேட்டை கேசட் கடை அண்ணாச்சி. கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "கேசட்டப் போடுங்க அண்ணாச்சி. கேட்டுட்டுப் பேசுங்க," என்றேன்.

அந்தப் பாட்டைப் பாடியவர் சினிமாவுக்குப் பாடாதவர். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் ஆடிப் பாடுகிற பாப் பாடகர். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு கச்சேரிக்காக எங்கள் பக்கம் வந்தவர், வயலில் நடவு நட்ட பெண்கள் குலவை போடுவதைக் கேட்டுக் காரை நிறுத்தியிருக்கிறார். மறுநாள் டேப் ரிக்கார்டரோடு வந்து வரப்பில் நின்று பதிவு செய்துகொண்டு போனார். தாமிரபரணியைப் பற்றிய தன் பாட்டின் தொடக்கத்தில் அதை வைத்தார். நாலைந்து பெண்கள் சேர்ந்து போட்ட குலவை. எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு குரல் மட்டும் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். அது அம்மா. அப்போது அவள் புதுப்பெண்.

அப்பா இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அதோடு அம்மா குலவை போடுவதை நிறுத்திவிட்டாள். தாலி இழந்தவள் போடக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது. நடவில் மற்றவர்கள் குலவை போடும்போது அம்மா குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டிருப்பாளாம். இதுவும் கேள்விப்பட்டதுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வயலில் கால் வைக்க அவள் என்னை விட்டதே இல்லை. அதனால் அம்மாவின் குலவையை நேரில் கேட்ட நினைவு எனக்கு இல்லை. டீக்கடை ரேடியோவில் கேட்டதுதான். பிறகு ரேடியோவிலும் அந்தப் பாட்டு வருவது நின்றுபோயிற்று.

இத்தனை வருஷம் கழித்து அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளை எல்லாம் சேர்த்து ஒரே கேசட்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கல்லூரி விட்டு நேரே கடைக்கு ஓடினேன்.

அண்ணாச்சி பாட்டை ஓடவிட்டார். குலவை வர வேண்டிய இடத்தில் கீபோர்டு வந்தது. ஏதோ பறவை விசிலடிப்பது போல ஒரு சத்தம். அப்புறம் பாடகரின் குரல், தளர்ந்து, இரண்டு கட்டை கீழே இறங்கி.

"எங்க உங்க அம்மா?" என்றார் ஒருவர்.

அட்டையைத் திருப்பினேன். 'புதிய இசையில் மீண்டும் பாடியவை' என்று பொடி எழுத்தில் இருந்தது. பழைய இசைத்தட்டு கிடைக்குமா என்று கேட்டேன். அதையெல்லாம் எடைக்குப் போட்டு நாளாயிற்று என்றார் அண்ணாச்சி. ஆனாலும் கேசட்டை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வாங்காமல் வந்தால் தோற்றது போல இருக்கும்.

அம்மா கடைசிவரை கேட்டாள். "அவருக்கும் வயசாயிட்டுல்லா," என்றாள். பிறகு பைய, "எங்களக் காணமேட்டி?" என்றாள்.

"எடுத்துட்டாவ."

"அதுக்கென்ன. நல்லாத்தான் இருக்கு." அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த மாதமே பாடகர் பொருட்காட்சித் திடலில் பாட வந்தார். மத்தியானமே போய் மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்தேன். கறுப்புச் சாயம் அடித்த முடி, கையில் வெந்நீர் பிளாஸ்க். நான் ஊர்ப்பெயரையும் அம்மாவின் குலவையையும் சொன்னதும் பிளாஸ்கைக் கீழே வைத்தார்.

"அந்த டேப்பை அழிச்சு அது மேலயே வேற எதையோ பதிவு பண்ணிட்டாங்கம்மா. கம்பெனி கைமாறினப்போ நடந்தது. எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல," என்றார். "ரொம்ப நேரம் மூச்சுப் பிடிச்சுப் போட்டவங்கதானே உங்க அம்மா? சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. கீபோர்டை நிறுத்தச் சொல்றேன். அவங்களே போடட்டும்."

பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை எனக்கு. வீட்டில் சொன்னபோது அம்மாவின் முகம் ஒரு நிமிஷம் புதுப்பெண்ணாகிவிட்டது.

"என்னைய நெனப்பு வச்சிருக்காவளா?" என்றாள். உடனே முகம் மாறியது. "நான் எப்படிட்டி போட? வயசான காலத்துல ஊரு ஊராப் பாடப் பொறப்பட்டிருக்காவ. நான் போட்டு அவியளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா?"

படித்ததை எல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். என் பேச்சு முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு தலையை வாரிக்கொண்டு, "பாட்டு கேக்க வேணும்னா வாறேன்," என்றாள்.

கூட்டத்தின் கடைசியில் நின்றோம். அந்தப் பாட்டு வந்தபோது பாடகர் கையை உயர்த்திக் கீபோர்டுக்காரரை நிறுத்தினார். இருட்டுக்குள் கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். ஜனங்கள் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். யாரோ, "பாடும் வே!" என்று கத்தினான். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் கையை இறக்கினார். பறவை விசிலடித்தது.

அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. நானாவது குலவை போட்டிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. எனக்குப் போடத் தெரியாது.

தை மாதத்தில் எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு தச்சநல்லூர். தாலி கட்டும்போது குலவை போடச் சுமங்கலிகள் சுற்றி நிற்பார்கள். அம்மா ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பாள். போன ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனேன்.

"என்னம்மா, ஒத்தையில வந்திருக்க?" என்றார் மாமியாராகப் போகிறவர்.

"தாலி கட்டும்போது எங்க அம்மா எம் பக்கத்துல நிக்கணும், அத்தை. மொதக் குலவ அவ போடணும்."

அவர் என்னையே பார்த்தார். "உங்க அம்மா போடுவாளா?"

"தெரியல. நீங்க முகஞ்சுளிக்க மாட்டியன்னு தெரிஞ்சாத்தான் அவகிட்ட நான் கேக்கவே முடியும்."

வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.