எந்தப் பக்கமும் பேசும் குணசேகர்

தொம்மலூர் குணசேகருக்கு நன்றாகக் கோபம் வரும், டிவியில் மட்டும். வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்களே, அந்த ரகம். அடுகோடியில் பேட்டரி கடை வைத்திருக்கிறார். பக்கத்து வீடு என்பதால் எனக்கு எல்லாம் தெரியும்.

புதிதாக வந்த கன்னட சேனல் ஒன்று, மக்களை உட்கார வைத்து விவாத நிகழ்ச்சி தொடங்கியது. ஆள் சேர்க்க வந்த நிக்கோல் என்ற பெண் இவரைக் கூட்டிப்போனாள். அரங்கில் இரண்டு பக்கம். எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அங்கே இவர். ஒரு மாதம் வீட்டுக்காரராக உட்கார்ந்து, வாடகைக்கு வருகிறவர்கள் ஆணி அடித்தே சுவரைப் பாழாக்குகிறார்கள் என்று கத்தினார். அடுத்த மாதம் குடித்தனக்காரராக, ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமை இல்லையா என்று தழுதழுத்தார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. "சும்மா டைம்பாஸ்பா" என்பார்.

தங்கவயலில் அவருடைய அக்கா தமயந்தி இருக்கிறார். கணவர் சுரங்கத் தொழிலாளி. அவர் இறந்த பிறகும் அக்கா, சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த அதே லைன் வீட்டில்தான். அந்த வரிசையையே இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. யாரைக் கேட்டாலும் சரியான பதில் இல்லை. வீடு போனால் அக்காவுக்குப் போக்கிடம் கிடையாது. குணசேகர் வீடும் ஒரே அறை.

அந்த நேரம் பார்த்து, வீட்டுவசதி அதிகாரி ஒருவர் நிகழ்ச்சிக்கு வருவதாக நிக்கோல் சொன்னாள். குணசேகர் உடனே போன் போட்டார்.

"அக்கா, சனிக்கிழமை டிவி பாரு. உன் வீட்டை இடிப்பாங்களா மாட்டாங்களான்னு அவரு மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்."

படப்பிடிப்புக்கு நானும் போயிருந்தேன். குணசேகர் அதைக் கேட்டார். ஆனால் வழக்கம்போலக் கத்தவில்லை. கன்னடம் தடுமாறியது. அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார்.

"இவரை டிவியில பாத்திருக்கேனே! ஒரு மாசம் வீட்டுக்காரர், ஒரு மாசம் குடித்தனக்காரர். இன்னிக்கு என்ன வேஷம்?"

அரங்கம் சிரித்தது.

"நிஜ சார், இவத்து நிஜ" என்றார் குணசேகர். இன்று உண்மை என்று கன்னடத்தில் கெஞ்சினார். சிரிப்பு இன்னும் கூடியது, மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புலி வருது, புலி வருது என்று விளையாடியவர்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அந்தத் தடுமாற்றத்தைக்கூடவா யாரும் கவனிக்கவில்லை? வெளியே வந்ததும், எல்லாருக்கும் முகம் தெரிந்துவிட்டதால் இனிமேல் வர வேண்டாம் என்று நிக்கோல் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். கேள்வியை வெட்டியிருந்தார்கள். அதிகாரியின் நக்கல், இவருடைய கெஞ்சல், சிரிப்பு, அவ்வளவுதான்.

நிகழ்ச்சி முடிவதற்குள் போன் அடித்தது.

"குணா, பாத்தேன்டா! அந்த ஆபீசரே உன்னை அடையாளம் கண்டுக்கிட்டாரே. இங்க லைன்ல எல்லாருக்கும் ஒரே சிரிப்பு." அக்காவும் சிரித்தார். "ஆமா, என் வீட்டைப் பத்தி எப்பக் கேக்கப் போறே?"

குணசேகர் டிவியை அணைத்தார்.

"அடுத்த வாரம்க்கா" என்றார்.