பதினாறின் வர்க்கமூலம்

வியோரிகாவின் கை, கணவர் ஆவ்ரெலின் இடது கன்னத்தில் சோப்பு நுரையை வழித்துக்கொண்டிருந்தது. பக்கவாதம் அடித்த பக்கம் தொய்ந்து கிடக்கும். இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்துத்தான் கத்தியை வைக்க வேண்டும். பல்கலைக்கழகக் கணினிக்கூடத்துப் பராமரிப்பு வேலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு டிராமில் வந்து இறங்கியதும் இந்த வேலை. மூன்று வருடமாக இப்படித்தான்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் சபினா கிளம்பத் தயாராக நின்றாள்.

“இன்னைக்குத் தெளிவா இருக்காருக்கா. பேரென்னன்னு கேட்டா டக்குனு சொல்றாரு.”

“பேரு மனப்பாடம்டி. மத்தியானம் என்ன சாப்பிட்டாருன்னு கேளு.”

சபினா கேட்டாள். ஆவ்ரெல் வெகுநேரம் யோசித்து, “ஆவ்ரெல்” என்றார்.

“பாத்தியா? மனப்பாடமான கேள்வியக் கேட்டுட்டு ஆளு தேறிட்டாருன்னு...”

கத்தி நின்றது. மத்தியானம் அவளே அதைத்தான் செய்திருந்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ‘சி’ நிரல்மொழித் தேர்வு. அறுபது பிள்ளைகளின் நிரல்களையும் கணினியே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, மதிப்பெண் போடும். கம்பைல் ஆகாவிட்டால் பூஜ்யம். வர்க்கமூலம் போன்ற கணக்குச் சார்புகள் தனி நிரல் நூலகத்தில் இருக்கின்றன. அதைச் சேர்த்துக்கொள் என்று கம்பைல் கட்டளையில் -lm என எழுத வேண்டும். போன வாரம் கணினிகளுக்குப் புது இயங்குதளம் போட்டிருந்தார்கள். இன்று மத்தியானம் இருபது வருடப் பழைய கட்டளையை அப்படியே அதில் இறக்கி, பதினாறின் வர்க்கமூலம் கேட்டுப் பார்த்தாள். நான்கு வந்தது. எல்லாம் தயார் என்று கையெழுத்தும் போட்டாள். ஆனால் பதினாறு நிரலிலேயே எழுதிய எண். கம்பைலரே கணக்குப் போட்டு நான்கு என்று வைத்திருக்கும். நூலகத்தின் பக்கமே போயிருக்காது. தேர்விலோ எண்ணை விசைப்பலகையில்தான் கொடுப்பார்கள்.

ஆவ்ரெல் இரண்டு முறை விழுந்ததில் அவள் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று துறைத்தலைவர் சொல்லியாயிற்று.

தேர்வு நடத்தும் விரிவுரையாளர் ஹொராட்சியுவுக்குப் போன் செய்து, நூலகம் சேர்கிறதா என்று சந்தேகமாக இருப்பதைச் சொன்னாள்.

“என்ன வியோரிகாம்மா, பசங்க எல்லாரும் மேலே math.h போட்டுத்தானே எழுதுறாங்க? அப்புறம் என்ன பயம்?”

“அது மருந்துச் சீட்டு சார். மருந்து, அதான் அந்த நூலகம், வேற அலமாரில இருக்கு.”

“நீங்க ஆஸ்பத்திரில வேலை பாத்திருக்கணும்.”

“வீட்ல அதான் பாக்குறேன். காலையில கொஞ்சம் முன்னாடி வந்து பாக்குறீங்களா?”

“அராத் ஊர்லேர்ந்து என் ரயில் வந்து சேர்றதே ஏழே முக்காலுக்குத்தான். ஒண்ணும் ஆகாது, தூங்குங்க.”

தேர்வுக் கணினியை வீட்டிலிருந்து தொட முடியாது. சபினாவால் ஏழரைக்கு முன் வர முடியாது. மீதிக் கன்னத்தை மழித்து முடித்தாள்.

காலை ஐந்தரைக்கு எழுந்தாள். ஆவ்ரெலைத் துடைத்து, உடை மாற்றி, குழைவான மக்காச்சோளக் களி ஊட்டி, சக்கர நாற்காலியோடு முதலில் வந்த டிராமில் ஏற்றினாள். பல்கலைக்கழக வாசலில் காவலாளி சிரித்தான்.

“ரெண்டு பேரும் பரீட்சைக்கா?”

“அவரு பாஸ். நாந்தான் ஃபெயிலு. கதவத் திற.”

கணினிக்கூடத்தில் நாற்காலியை வெப்பக்குழாய் அருகே நிறுத்திப் பிரேக் போட்டாள். விசைப்பலகையிலிருந்து எண் வாங்கும்படி நிரலை மாற்றிக் கம்பைல் செய்தாள். வர்க்கமூலச் சார்பான sqrt எங்கே என்று தெரியவில்லை எனக் கணினி கைவிரித்தது. -lm கட்டளையில் இருக்கத்தான் செய்தது, ஆனால் கோப்பின் பெயருக்கு முன்னால். நிரலையும் நூலகத்தையும் சேர்க்கும் பழைய இணைப்பான், தேவையோ இல்லையோ நூலகத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். புதியது, அந்த இடம் வரைக்கும் யாரும் கேட்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போய்விடும். கோப்பு வந்து கேட்கும்போது அது கடந்து போயிருக்கும். -lm-ஐ வரியின் கடைசிக்கு நகர்த்தினாள். இந்தத் தடவை கம்பைல் ஆனது.

“ஒரு எண் சொல்லுங்க.”

“ஆவ்ரெல்.”

அவளே முப்பத்தேழு என்று தட்டினாள். ஆறு புள்ளி பூஜ்யம் எட்டு வந்தது. இன்னும் நான்கு எண்களைக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு கட்டளையைச் சேமித்து, அவர் வாயோரத்தைத் துடைத்து, பிரேக்கை எடுத்துவிட்டு, ஏழரைக்கு வந்திறங்கும் சபினாவிடம் ஒப்படைக்க டிராம் நிறுத்தத்துக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.