ஏழாம் நம்பரில் வைத்த கார்

வேகமாகக் கார் ஓட்ட விருத்தாசலத்தை விட்டால் வேறு ஊர் கிடையாது. ஒரு வேகத்தடைக்கும் அடுத்த வேகத்தடைக்கும் நடுவில் முழுசாக இருநூறு அடி கிடைக்கும். கரும்பு டிராக்டர் எதுவும் முன்னால் போகவில்லை என்றால் அந்த இருநூறு அடியும் நமக்கே சொந்தம். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என் காரில் இருக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கியே வைத்திருக்கிறது என்று ஆறு மாதம் வருத்தப்பட்டேன்.

மங்கலம்பேட்டையில், துபாயிலிருந்து லீவுக்கு வந்தவர் ஒருவரிடம் வாங்கிய டர்போ வண்டி. அவர் ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். எனக்குச் செராமிக் கம்பெனியில் சூளைப் பொறுப்பு. எந்த நேரத்தில் எத்தனை டிகிரி ஏற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்று சூளையின் கன்ட்ரோலரில் போட்டுக் கொடுப்பவன் நான். இன்ஜினும் நெருப்புதானே, எனக்குத் தெரியாத நெருப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி தொடங்கியது. மூன்று வழி இருந்தது. முதலாவது, கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரிலேயே உள்ளே இருக்கும் கணக்கை அழித்து வேறு கணக்கு எழுதுவது. ரீமேப் என்பார்கள். சுத்தமான வேலை, ஆனால் எழுதுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பது. பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு உகந்தது. ஏசி வேலை செய்யாமல் போகலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சித்திரை வெயில் ஞாபகம் வந்ததும் அதை விட்டுவிட்டேன். மூன்றாவது, ஒரு சின்னப் பெட்டி. சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'டர்போவில் காற்றழுத்தம் குறைவாகத்தான் இருக்கிறது, இன்னும் கொடு' என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி அள்ளிக் கொடுக்கும். எவ்வளவு பெரிய பொய் என்பதை ஒன்றிலிருந்து ஏழு வரை போனிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதம் அலசி ஆராய்ந்த அறிவாளி, பொய் சொல்வதைத் தேர்ந்தெடுத்தேன். பாண்டிச்சேரியில் ஒருவர் மாட்டிவிட்டு, மூன்றாம் நம்பரைத் தாண்ட வேண்டாம் என்றார். ஏழு எதற்கு இருக்கிறது என்று நான் அவரைக் கேட்கவில்லை. ஊர் எல்லை வந்ததும் ஏழில் வைத்தேன்.

அதே ஆறு மாதம் என் மனைவியும் படித்தாள். பொம்மைக்கு வர்ணம் தீட்டும் வேலைக்குப் போய்வந்து, சமைத்து முடித்து, அரசு வேலைத் தேர்வுக்குப் படித்தாள். அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். தேர்வு மையம் கடலூரில். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். முதல் பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றாள். பெரிய மனது பண்ணி, நம் வண்டியில் ஒரு மணி நேரம்தான், நிம்மதியாகத் தூங்கு என்றேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். வடலூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரியை முந்தி என் திறமையைக் காட்டினேன். பெட்டி சொன்ன பொய்யைக் கம்ப்யூட்டர் அங்கேதான் கண்டுபிடித்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி முப்பதைத் தாண்டவில்லை. ஒரு பஸ் நிறுத்தத்தின் ஓரமாக நிறுத்தினேன்.

"ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சூளையை யாராவது உச்சச் சூட்டில் பட்டென்று நிறுத்துவார்களா? நிறுத்தினால் உள்ளே இருக்கும் சரக்கெல்லாம் விரிசல் விட்டுவிடும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இத்தனை வருட அனுபவத்தை அந்த ரோட்டோரத்தில் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டு ஆறவைத்தேன். அவள் நான் சொன்னதைக் கேட்டாளா, கைக்கடிகாரத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. இருபது நிமிடம் பொறுத்தவள் இறங்கிப் போய்க் கைகாட்டினாள். இரண்டு பஸ் நிற்காமல் போயின. மூன்றாவது நின்றது. ஏறிக்கொண்டாள்.

நான் மேலும் அரை மணி நேரம் ஆறவைத்தேன். பிறகுதான் பாண்டிச்சேரிக்காரர் போனை எடுத்தார்.

"சாவிய ஆஃப் பண்ணி மறுபடியும் போடுங்க சார். அவ்ளோதான்."

அவ்வளவுதான். விளக்கு அணைந்தது, வண்டி பறந்தது. மையத்துக்கு நான் போனபோது கேட் மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. தாமதமாக வந்த ஏழெட்டுப் பேர் வெளியே காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போய்விட்டாள் என்று எனக்கு உயிர் வந்தது. எதிர்க் கடையில் டீ குடித்தேன். மன்னிப்பு எப்படிக் கேட்பது, பெட்டியைக் கழற்றிவிடுகிறேன் என்று எப்போது சொல்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு மூன்று மணி நேரம் சந்தோஷமாகக் காத்திருந்தேன்.

கேட் திறந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த பெண்ணிடம் உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி போன் போட்டேன். இந்த முறை எடுத்தாள்.

"நான் போறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மூடிட்டாங்க. அடுத்த பஸ்ஸுலயே திரும்பி வூட்டுக்கு வந்துட்டேன். பரீட்சைக்குன்னு ஆஃப் பண்ணி வச்ச போன இப்பதான் போட்டேன். சோறு ஆக்கியாச்சு. நீங்க மெதுவா வாங்க."

எங்கள் வீட்டில் குத்திப் பேசுகிறவன் நான் ஒருவன்தான். அவளுக்கு அது வராது. என்னை நிஜமாகவே மெதுவாகத்தான் வரச் சொன்னாள்.