ஜெயகணேஷ் பெயரில் விழுந்த அறுபத்தொரு கோல்

முதலிடம் ஜெயகணேஷுக்கு என்று முடிவாகிவிட்டதாம். மெயின் பஜாருக்குக் காய் வாங்கப் போன என் தங்கை புவனா, அங்கே யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு மஸ்கட்டிலிருந்த எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் நாலு பேரில் நானும் ஒருவன். நான் அதுவரை ஓட்டே போட்டிருக்கவில்லை.

சுடர் கால்பந்துக் கழகத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. விழா மலரில் கழகத்தின் தலைசிறந்த இருபது வீரர்களை ஒன்றிலிருந்து இருபது வரை வரிசைப்படுத்திப் போடுவதாக ஏற்பாடு. நெய்வேலியில் ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுத்த அணி அது. ஆனால் லீக்கில் ஒரு விதி இருந்தது. களமிறங்குகிறவர் சுரங்க நிறுவனத்தின் பர்மனென்ட் தொழிலாளியாக இருக்க வேண்டும், அடையாள அட்டையை நடுவரிடம் காட்ட வேண்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கு இடமில்லை.

கழகத்தின் பழைய ரிஜிஸ்டரில் நாலு சீசனுக்கு ஒன்பதாம் நம்பர் ஜெயகணேஷ். அறுபத்தொரு கோல். அதற்கு முன்னும் பின்னும் யாரும் நாற்பதைத் தொடவில்லை.

"அது ஜெயகணேஷ் இல்லன்னு நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக்குல எல்லாருக்கும் தெரியுமேண்ணா. இளவழகன் தானே ஆடுனாரு?" என்றாள் புவனா.

தெரியும். அப்போது கழகத்தின் செயலாளர் எங்கள் அப்பா. ரிஜிஸ்டரில் இருப்பது அவருடைய கையெழுத்து.

லீவில் வந்ததும் முதல் வேலையாகப் புவனாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் இளவழகன் வீட்டுக்குப் போனேன். வருடத்துக்கு இருபத்தைந்து நாள் ஊருக்கு வருகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. வந்த இடத்தில் எதையாவது சரிசெய்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்று மனசு பறக்கும்.

இளவழகன் முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. முப்பத்திரண்டு வருடமாக ஒரே வேலை. சுரங்கத்திலிருந்து கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடப்பதை அள்ளித் திரும்பப் பெல்ட்டில் போடுவது. கான்ட்ராக்டர்கள் ஏழு பேர் மாறிவிட்டார்கள். மண்வெட்டி மாறவில்லை. குளித்துவிட்டு வந்தும் காது மடிப்பில் கரி இருந்தது. இடது கணுக்காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நடந்துவந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"செக்ரட்டரி சார் மவனா? அப்பா மொகம் அப்படியே இருக்குது. குந்து தம்பி."

அவர் மனைவி பொற்கொடி முறத்தில் அரிசியோடு எதிரே உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு, ஜெயகணேஷா மொத ஆளு?" பொற்கொடி சிரித்தார். "எங்க வூட்டுக்காரருக்குச் சொந்தப் பேரு கல்யாணப் பத்திரிகையில மட்டும்தான் தம்பி. நான் வந்த புதுசுல மைதானத்துக்குப் போனா, ஊரே 'ஜெயகணேசு, ஜெயகணேசு'ன்னு கத்துது. இவரு திரும்பித் திரும்பிக் கை காட்டிக்கினு இருக்காரு. நான் வேற எவன் வூட்டுக்கோ வாக்கப்பட்டுட்டேனோன்னு பயந்துட்டேன்."

"நீ வேற" என்றார் அவர். ஆனாலும் சிரித்தார்.

ஜெயகணேஷ் உண்மையில் ஆட்டக்காரர்தான். பேக், தடுத்து ஆடுகிறவர். முதல் சீசனின் தொடக்கத்திலேயே முட்டி போய்விட்டது. அவருடைய அட்டை சும்மா கிடந்தது. அட்டையில் இருந்த போட்டோ மழையில் நனைந்து, மீசை மட்டும்தான் அடையாளம். வெளி மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த இளவழகனைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டாராம்: "ஒரே ஒரு மேட்ச்தாம்ப்பா. மீசை வச்சுக்கிறியா?"

ஒரு மேட்ச் நாலு சீசன் ஆனது.

"ஜெயகணேஷோட அப்பா பேரு, பொறந்த தேதி, வேலைக்குச் சேந்த தேதி எல்லாம் மனப்பாடம். இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். என் பொறந்த தேதிதான் டக்குனு வராது. காலைல ஆறு மணி ஷிப்ட்டு, ரெண்டு மணிக்கு வெளிய வந்தா நாலு மணிக்கு மேட்ச்சு. கரி அள்ளுன கையோட போயி நிப்பேன். பாவம், அவரு நெலம அதவிட மோசம். மேட்ச் அன்னிக்கு அவரு குவார்ட்டர்ஸ விட்டு வெளிய தல காட்டக் கூடாதில்ல? கதவச் சாத்திக்கினு உள்ளயே கெடப்பாரு. நாலு வருசத்துல ஒரு கோல கூட அவரு கண்ணால பாக்கல. ஆட்டம் முடிஞ்சு அட்டையத் திருப்பிக் குடுக்கப் போனா ஆசையா கேப்பாரு: 'இளா, இன்னிக்கி நான் எத்தன கோலு போட்டேன்?'"

பொற்கொடி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கணவரின் கணுக்காலைக் காட்டினார்.

"அதையும் சொல்லுங்களேன்."

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்கன்னா."

நாலாவது சீசனின் கடைசி ஆட்டம். நெல்லிக்குப்பத்தில். அறுபத்தொன்றாவது கோலை அடித்துவிட்டு விழுந்தவர் எழவில்லை. கணுக்கால் பானை மாதிரி வீங்கியது. களத்தில் ஆயிரம் பேர் பார்க்க ஜெயகணேஷுக்குக் கால் போய்விட்டது. அப்படியானால் மறுநாள் ஜெயகணேஷ் நல்ல காலோடு டூட்டிக்குப் போக முடியாது. அதனால் ஜெயகணேஷ் தன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நின்றார். மூன்று வாரம் லீவு கிடைத்தது. இளவழகனுக்கு அடிபட்டதாக எங்கேயும் எழுத்து இல்லை. அவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு பெல்ட்டுக்கு அடியில் இருந்தார். வராவிட்டால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள், வேலை போய்விடும்.

"எலும்பு அது இஷ்டத்துக்குக் கூடிக்கிச்சு. அதோட ஆட்டம் முடிஞ்சிது" என்றார். வேறொருவர் வீட்டு விஷயத்தைச் சொல்வது போல இருந்தது.

அந்த மூன்று வார லீவுக்கும் அப்பாதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

"அண்ணே, பட்டியல்ல உங்க பேரு வரணும். ஆனா நீங்க சம்மதிக்கணும்" என்றேன். பட்டியல் குழுவின் தலைவர் பழனிவேல் சார் அதைக் கறாராகச் சொல்லியிருந்தார். ரிஜிஸ்டரை மாற்றுவதென்றால் சும்மா முடியாது; இளவழகனே தன் வாயால் 'நான்தான் ஆடினேன், போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மலர் அச்சுக்குப் போகிறது. அதற்குள் சொன்னால் இளவழகன். இல்லாவிட்டால் ரிஜிஸ்டரில் இருப்பது இருக்கும்.

அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. அடுத்தவன் அட்டையில ஆடுனேன்னு புஸ்தகத்துல நாமளே எழுதிக் குடுக்கறதா? எவனாவது எடுத்துக்கினு போயி கான்ட்ராக்டர்கிட்ட நீட்டுனான்னு வையி, கேட் பாஸ் கையோட போயிடும். இன்னும் மூணு வருசம் ஓட்டணும். அதில்லாம நேத்து ஜெயகணேஷே போன் பண்ணாரு. அழுதுட்டாரு. பேரப் புள்ளைங்ககிட்ட தாத்தாதான் கோலு போட்டாருன்னு சொல்லி வச்சிருக்காராம். 'நீ சொல்றபடி கேக்கறேன் இளா'ங்கறாரு. நான் இன்னா சொல்றது?"

"வாய்க்கு வாய் அவரப் பத்தியே பேசுங்க" என்றார் பொற்கொடி. "நம்ம இசைப்பிரியாகிட்ட நீங்க என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா? பொண்ணுக்குத் தெரியுமா அவங்கப்பன் யாருன்னு?"

அவர் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே பஸ் ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

பேச்சை மாற்ற நினைத்து நான் பட்டியலை எடுத்து நீட்டினேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நாசர் பாய எட்டாவதா போட்டிருக்கீங்களே, எவன் போட்டது? கோல்ல அவரு நின்னா முன்னாடி நாங்க பத்து பேரும் பயமில்லாம ஆடுவோம். பெனால்டிய நெஞ்சுல வாங்குன ஆளுய்யா. அவருதான் மொதல்ல. இந்த மூணாவது ஆளு இருக்கானே, போட்டோக்காரன் இருந்தாத்தான் ஓடுவான். இவன இருபதுக்கு அனுப்பு."

அடுத்த அரை மணி நேரம் அவர் வேறு ஆளாக இருந்தார். யார் எந்தக் காலால் அடித்தார்கள், யார் மழையில் ஆடமாட்டார்கள், எவன் பாஸ் கொடுக்க மனசு வராதவன். பெயர்களை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். ஜெயகணேஷ் என்ற பெயர் வந்தபோது மட்டும் விரல் அதைத் தாண்டிப் போனது.

நான் எழுந்தேன். ஸ்கூட்டர் வரை நொண்டிக்கொண்டே வந்தார். சாவியைத் திருகும்போது மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். என் பேர போட்டா எத்தனாவது வரும்?"

"முதலாவதுண்ணே."

"நாசர் பாய்க்கு மேலயா?"

"மேலதான்."

கேட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் மகிழ்ச்சி என்று சொல்லக்கூடிய ஒன்று இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. களைப்புத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் போன் பண்ணு. பொற்கொடி போன்லதான் இருப்பேன். யோசிச்சு வைக்கிறேன்" என்றார்.

இன்று ஞாயிறு. நாலு மணிக்கு அடித்தேன். முழுதாக ஒலித்து நின்றது. நாலேகாலுக்கும் அப்படியே. ஷிப்ட் இல்லை, வார ஓய்வு என்று புவனா விசாரித்துச் சொல்லிவிட்டாள். போன் அணைத்து வைக்கப்படவில்லை, எடுக்கத்தான் ஆளில்லை. அல்லது எடுக்க வேண்டாம் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாலரைக்குப் பழனிவேல் சார் குரூப்பில் கேட்டார்: "முதலிடம்: என்ன பெயர் போடட்டும்?"

பத்து நிமிடம் கொடுங்கள் என்று எழுதினேன். பத்து நிமிடம் போனது. இன்னும் ஐந்து கேட்டேன். நான் சம்மதம் வாங்கிவிட்டதாக ஒரு வரி எழுதினால் போதும், அவர் நம்பிவிடுவார். அப்பாவும் இப்படித்தான் ஒரு மத்தியானம் இளவழகனுக்காகத் தானே முடிவெடுத்து ஒரு பெயரை எழுதியிருப்பார். விரலை எடுத்துக்கொண்டேன்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. மறுபடி அடித்திருக்கிறேன். ஒலித்துக்கொண்டிருக்கிறது.