மக்கர் செய்யாத வண்டி

எழுபதுகளில் நான் பாப்பிரெட்டிப்பட்டியில் கம்பவுண்டர். வியாழன்தோறும் சித்தேரி மலைக்கு மருந்து கொண்டுபோக, கல்லிலும் சேற்றிலும் நிற்காத மோட்டார் சைக்கிளாகத் தேடி அலைந்து வாங்கினேன். ஒருமுறைகூட அது என்னைக் கைவிட்டதில்லை.

ஒரு வியாழன் காட்டாற்றில் வெள்ளம். வண்டியோடு இக்கரையிலேயே நின்றுவிட்டேன். மறுநாள் நீர் வடிந்ததும் நான் மேலே போனபோது, பிரசவ வலியில் துடித்த பொன்னி என்ற மலைப்பெண் இறந்துகிடந்தாள்.

மலையில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்துதான் இறக்குவார்கள்.

"ஆறு குறுக்கிடாத அரூர்ப் பக்கமா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே?" என்று அவள் கணவனிடம் கேட்டேன்.

"தூளி கட்டிட்டோமுங்க. அவதான் வேண்டாம்னுட்டா. உங்க வண்டி வராம இருக்காதுன்னு, சத்தம் வருதான்னு காதக் குடுத்துக்கிட்டே கெடந்தாளுங்க."

இறங்கும்போதும் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. முன்பே நாலு தடவை மக்கர் செய்திருந்தால், அவள் அதை நம்பியிருக்க மாட்டாள்.