வழுக்கலைத் தேடி ஒரு மாதம்

தம் வண்டி எங்கேனும் வழுக்காதா என்று ஏங்கிய மனிதர், நான் அறிந்தவரையில், என் தங்கையின் கணவர் ஒருவரே. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி, ஸ்ரீரங்கத்தில் வீடு. சென்ற ஆண்டு அவர் வாங்கிய பிக்கப் வண்டி, வேண்டும்போது நான்கு சக்கரங்களையும் தானே இயக்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது.

சாதாரணமாக எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். அவை பிடிப்பிழந்து முன்சக்கரங்களைவிட விரைந்து சுழன்றால், ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள உணரி அதைக் கண்டுகொள்ளும். உடனே இடையிலுள்ள கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்ற, விசை முன்னாலும் பாயும். ஓட்டுபவருக்கு எதிரே பச்சை விளக்கு எரியும். இதை எனக்கு விளக்க, அவர் சாப்பாட்டின் நடுவே தம் தட்டின்மேல் என் தட்டை வைத்து அழுத்தித் திருகினார். இடையில் ரசம் இருந்தது.

"நெசத்துலயும் எண்ணெய்க்குள்ளதான் மச்சான் இருக்கும்" என்றார், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

"எப்பவும் நாலும் சேர்ந்தே சுத்தினா என்னவாம்?" என்றாள் தங்கை.

காய்ந்த சாலையில் திரும்பும்போது முன்சக்கரங்கள் கடக்கும் தூரம் வேறு, பின்சக்கரங்கள் கடக்கும் தூரம் வேறு. இரண்டையும் பிணைத்தே வைத்தால் வீதி முனைதோறும் அவை ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அவர் சொன்னதைத் தங்கை ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்த விளக்கு மாதக்கணக்கில் எரியவே இல்லை.

"புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் எரியணும். இல்லன்னா சாதா வண்டிக்கு மாத்திருவோம்" என்று கெடு வைத்தாள்.

அன்று முதல் நாங்கள் சேற்றைத் தேடி அலைந்தோம். கொள்ளிடக் கரையின் ஈரத்தடங்களில் எல்லாம், வண்டி நிறைய வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு போனோம். "லோடு இருந்தாத்தான் மச்சான் வண்டி திணறும். திணறினாத்தான் வழுக்கும்." இயந்திர நூல் அறியாத நானும் ஆமோதித்தேன். அவர் பாதையைப் பார்ப்பார். நான் விளக்கைப் பார்ப்பேன். ஒருமுறை பச்சை மினுங்கக் கண்டு இருக்கையிலிருந்து எழுந்தே கூவிவிட்டேன். அது இண்டிகேட்டர்.

புரட்டாசியின் கடைசி நாள் காலையில் மழை பெய்து ஓய்ந்தது. மண்டியில் தார்களை இறக்கியாயிற்று. கெடுவை நினைவூட்டத் தங்கையும் அங்கே வந்திருந்தாள். அவர் சாவியைத் தங்கையிடம் நீட்டினார். "நீயே கொண்டுபோய் மாத்திட்டு வா. என்னால பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டு, டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அவரைவிட நன்றாக வண்டி ஓட்டுபவள் என் தங்கை. நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மண்டியிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவு முழுதும் நனைந்த வாழை மட்டைகள். பாதி ஏற்றத்தில் பின்சக்கரங்கள் சர்ரென்று வெற்றாகச் சுழன்றன. வண்டியின் பின்பாகம் இடுப்பை ஒடித்து ஒருபுறம் ஆடியது. அடுத்த நொடி, முன்னிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்தாற்போல் வண்டி நிமிர்ந்து மேலேறியது. எதிரே பச்சை!

வண்டியை நிறுத்தினாள். டீக்கடையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எதையும் கவனிக்கவில்லை.

"அண்ணே, எரிஞ்சுச்சுல்ல?"

"எரிஞ்சுச்சு."

ரிவர்ஸ் போட்டுச் சரிவின் அடிவரை இறங்கினாள், மறுபடி ஏறினாள். சர்ர், ஆட்டம், இழுப்பு, பச்சை. நான்காம் முறை எங்கள் இருவரின் சிரிப்பும் கேட்டு அவர் டம்ளரோடு ஓடிவந்தார்.

"என்னங்க, லோடை ஏத்தி வச்சுக்கிட்டு வழுக்கலை வழுக்கலைன்னா எப்படி வழுக்கும்? அந்தப் பாரமே பின்சக்கரத்தைத் தரையோட அமுக்கிப் பிடிச்சுக்குதே! காலியா ஓட்டணும்ங்க!"

"அப்ப... மாத்த வேணாமா?"

"யாரு மாத்தறது? மட்டையெல்லாம் நசுங்கிப் போச்சு. புதுசா வாரிப் போடுங்க!"

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இரு கைகளாலும் மட்டைகளை வாரி இறைத்தார். தங்கை ரிவர்ஸ் போட்டாள்.