அரைத்தாளின் இரு பக்கம்

2007 ஜூலை 14, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குத் தேநீர். 5.40க்குச் சுவர்க் கடிகாரத்தை வானொலியோடு ஒப்பிட்டேன். இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. பேட்டரி ஓய்கிறது.

அலாரக் கடிகாரம் பத்து நாளாகப் பழுது பார்க்கும் கடையில். கைக்கடிகாரம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, தோல் தடித்துவிடும். ஆக, வீட்டில் மிச்சமிருப்பது அந்தச் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

8.15க்கு எல்கடுவையிலிருந்து சேவியர் மாஸ்டர் வந்தார். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர், என் பழைய நண்பர். உட்காரும்போதே சொன்னார்:

"சார், சம்பந்தியைக் கொன்னுட்டாங்க."

விஷயம் இதுதான். அடுத்த மாதம் அவர் மகளுக்குத் திருமணம். அழைப்பிதழைப் பலாபத்வலையில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தார். சரிபார்க்கச் சொல்லி, தட்டெழுதியதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக் கணினியில் திறந்து பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையின் தாயார் இறந்து மூன்று வருடமாகிறது. அவர் பெயருக்கு முன்னால் வரவேண்டிய 'காலஞ்சென்ற' தகப்பனார் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

தகப்பனார் லொறி வைத்திருப்பவர். ஆறடி. நிச்சயதார்த்தத்தன்று தேநீரில் சீனி குறைந்ததற்கே எழுந்து போகப் பார்த்தவர். அவரிடம் போய், நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று அச்சில் கொடுத்தால்?

"போன்ல சொல்லலாமே, மாஸ்டர்?"

"சொன்னேன் சார். மொதலாளி, போன்ல திருத்தம் எடுக்கிறதில்லங்கிறாரு. போன தடவ போன்ல கேட்டு எழுதித்தான் பொண்ணு பேரையே மாத்திட்டாங்களாம். நேர்ல வாங்க, பன்னெண்டு மணிக்கு மிஷினை ஓட்டிருவோம்னு சொல்லிட்டாரு. ஒரு பிழை இருந்தா இன்னொண்ணும் இருக்கும்ல? அதான் உங்க கண்ணுல ஒரு தடவ காட்டிட்டுப் போவோம்னு வந்தேன்."

என் கண்ணின் மேல் எனக்கும் நல்ல அபிப்பிராயம் உண்டு. பென் டிரைவைச் செருகினேன்.

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் பெருமையடித்தேனே, ஞாபகமிருக்கிறதா? யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து என் கணினியைப் பாழாக்கியதையும், வெளிநாட்டுக்கு எழுதிக் கேட்டு, தபாலில் இலவசமாக வந்த லினக்ஸ் இயங்குதளச் சீடியை நானே நிறுவியதையும்... இனி எந்த பென் டிரைவுக்கும் அஞ்சேன் என்று முடித்திருந்தேன்.

அழைப்பிதழ் திறந்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்து. நடுவே அரைப்புள்ளி, கால்புள்ளி, அடைப்புக்குறி.

இங்கே அச்சகங்களெல்லாம் பாமினி என்ற எழுத்துருவில் தட்டுகின்றன. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால், 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். என் புதிய லினக்ஸில் சதுரங்கம் இருந்தது, நட்சத்திரங்களைக் காட்டும் வரைபடம் இருந்தது. பாமினி இல்லை.

திரையில் வராதது தாளில் வருமோ என்று ஒரு பக்கம் அச்சிட்டும் பார்த்தேன். (சிரிக்காதீர்கள். நீங்களும் செய்திருப்பீர்கள்.) தாளிலும் அதே கோலம். மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"மொதல்ல சம்பந்தி மட்டுந்தான் போயிருந்தாரு, சார். இப்ப எல்லாருமே போயிட்டாங்க."

அச்சகத்துக்கே போய்ப் பார்ப்போம், நானும் வருகிறேன் என்றேன். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளை நான் வீசுவதில்லை. அதைச் சரிபாதியாகக் கிழித்தேன். மனைவி சமையலறையிலிருந்து சொல்லச் சொல்ல, பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டேன். வழியில் சிங்களக் கடைக்காரரிடம் நீட்டுவதற்கு வசதியாகச் சிங்களத்தில்.

பேட்டரி – 4. அலாரம் – தயாரா எனக் கேட்க. சிவப்பு வயர் – 2 மீட்டர் (மேசை விளக்குக்கு, இதை எழுதவில்லை). ஆணி – கால் கிலோ. கடைசியில், அச்சகத்தை மறந்துவிடாதிருக்க, அடிக்கோடிட்டு: 12.00க்கு முன்.

பலாபத்வலைக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. யுத்த காலமல்லவா, வழக்கம்போல் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அடையாள அட்டை, பை, சட்டைப் பை. அரைத்தாள் வெளியே வந்தது, அச்சிட்ட பக்கம் மேலாக. பேச்செல்லாம் சிங்களத்தில், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன், 'மாத்தயா' (ஐயா) தவிர.

"இது என்ன பாஷை?" என்றார் சிப்பாய்.

"தமிழ்."

"மாத்தயா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனா இது ஏ, பி, சி, டி."

"எழுத்து இங்கிலீஷ். விஷயம் தமிழ்."

"அப்போ இங்கிலீஷ் தெரிஞ்சவங்க வாசிக்கலாமா?"

"முடியாது."

"தமிழ் தெரிஞ்சவங்க?"

நான் பொய் சொல்வதில்லை. "அவங்களாலயும் முடியாது."

சிப்பாய் தாளைத் திருப்பினார். மெதுவாக வாசித்தார். பேட்டரி. அலாரம். சிவப்பு வயர். ஆணி. பன்னிரண்டு மணிக்கு முன்.

பஸ் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பிப் போயிற்று. மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் எந்த எழுத்துருவும் இல்லை.

"கல்யாணக் கடிதம், சேர்," என்றேன். "என் கம்ப்யூட்டர்ல இருக்கிறது வேற முறை. அதான் இப்படி வந்திருக்கு."

"அதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. வெளிநாட்டிலிருந்து தபால்ல வந்தது. இலவசம்."

"யார் அனுப்பினது?"

"எனக்கு ஆளைத் தெரியாது. உலகம் முழுக்க இருக்காங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே சேர்ந்து வேலை செய்றாங்க."

"சம்பளம்?"

"பெரும்பாலும் இல்ல. கொள்கைக்காக."

மாஸ்டர் என் காலை மிதித்தார். "சார், தயவுசெஞ்சு இனிமே ஒண்ணும் வெளக்காதீங்க," என்றார், தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

மாஸ்டரின் கைக்கடிகாரத்தில் 11.20. அச்சகத்தில் இந்நேரம் மை ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே இருந்து சார்ஜன்ட் வந்தார். ஐம்பதை நெருங்கியவர். தாளை வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஃபொன்ட் இல்ல," என்றார். அவ்வளவுதான்.

பிறகு சிப்பாயிடம் சொன்னார்: "போன மாசம் நான் லீவுக்கு எழுதினேன். நல்ல சிங்களத்துல, இங்கதான் தட்டினேன். மேலிடத்துக் கம்ப்யூட்டர்ல திறந்தா இதே குப்பைதான் வந்திருக்கு. லீவு கிடைக்கல. மகளோட பிறந்தநாளுக்குப் போக முடியல."

அழைப்பிதழில் என்ன அவசரம் என்று கேட்டார். உயிரோடிருக்கும் சம்பந்தியின் கதையை மாஸ்டர் சொன்னார். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "எத்தனை அடி?" என்று மட்டும் கேட்டார். ஆறு என்றதும், ஒரு முச்சக்கர வண்டியை அவரே மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

தாளுக்காகக் கை நீட்டினேன்.

"இது இங்கேயே இருக்கட்டும், மாத்தயா. அடுத்த சாவடியில ஃபொன்ட் தெரிஞ்ச ஆள் இருக்கணும்னு இல்ல."

11.52க்கு அச்சகம். அவர்களுடைய கணினியில் அதே பென் டிரைவ், அதே அழைப்பிதழ் – முத்து முத்தாகத் தமிழ். 'காலஞ்சென்ற' ஒரு பெயர் தள்ளிப் போய் உட்கார்ந்தது. சம்பந்தி உயிர் பெற்றார். மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். மீதியை நான் இரண்டு முறை வாசித்தேன். வேறு பிழை இல்லை.

திரும்பும் வழியில் யோசித்தேன். எழுதியதில் ஒரு தப்பும் இருக்கவில்லை. வாசிக்கிற இடத்தில்தான் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. இந்த நாட்டில் ஒருவர் சொல்வது மற்றவருக்கு இப்படித்தானோ போய்ச் சேருகிறது? பெரிய விஷயம். எனக்கெதற்கு? அன்று மாலையே பாமினியைத் தேடி வாங்கி நிறுவினேன்.

பட்டியல் சாவடியில் தங்கிவிட்டதால் அதிலிருந்த ஒன்றையும் நான் வாங்கியிருக்கவில்லை.

மறுநாள் காலை கண் விழித்தபோது சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. வானொலி மணி சொல்லும்வரை காத்திருக்கவோ, நேற்றைய அனுபவத்துக்குப் பின் கணினியைத் திறந்து நேரம் பார்க்கவோ மனம் வரவில்லை. முதல் வேலையாக டைரியை எடுத்து, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக இப்படி எழுதினேன்: 'எழுந்தது – சுமார் ஐந்து மணி.'